பிரேக் மிதித்ததும் பின் சக்கரம் இறுகி விபத்து: வண்டியின் கோளாறா, என் கால் பிழையா?

தெற்குவெயில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆடி மாதக் கடைசியில், திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் ஆலங்குளத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எனது 150 சிசி வண்டியிலிருந்து விழுந்தேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே நீண்ட உலோக ஆணி பொருத்தியிருக்கிறார்கள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.

நடந்ததை நினைவில் இருக்கும் வரையில் சொல்கிறேன். மாலை நேரம். சாலை காய்ந்திருந்தது. மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. என் வேகம் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருந்திருக்கும். முன்னால் சென்ற டிராக்டர் வலப்பக்கம் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்ததைப் பார்த்து நான் பின் பிரேக்கை மிதித்தேன். அழுத்தி மிதித்ததாக எனக்கு நினைவில்லை. காலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, உடனே பின் சக்கரம் நின்றுவிட்டது. வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் விலக, வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் விடுபடவில்லை என்றே தோன்றுகிறது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பின் சக்கரத்தைக் கழற்றி, செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை (செயினும் அது ஓடும் பற்சக்கரங்களும்) மாற்றி, பின் பிரேக் ஷூவையும் சுத்தம் செய்து கொடுத்தார்கள். உறுதியாகத் தெரியாத நிலையில் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. காவல் நிலையத்தில் நின்ற வண்டியைப் பார்வையிட்ட மோட்டார் வாகன ஆய்வாளர், விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்று அறிக்கை கொடுத்துவிட்டார். வண்டி இப்போது மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதே பட்டறையில் விட்டுச் சரிசெய்துவிடலாம் என்கிறார் அண்ணன். அம்மாவோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டு இந்தப் பேச்சையே விட்டுவிடச் சொல்கிறார்.

இனி காரணத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஆய்வாளரின் அறிக்கைக்கு மேல் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா? மருத்துவமனைக்குக் காரில் போகும்போதுகூட ஓட்டுநர் பிரேக் பிடித்தால் என் வலது பாதம் தானாகத் தரையை அழுத்துகிறது. மீண்டும் வண்டி ஓட்டுவேனா என்பது தெரியவில்லை. ஆனால் என் கால்தான் காரணமா என்பது தெரியாமல் அதை முடிவு செய்யவும் முடியவில்லை.

பட்டறைக்காரர்:

தம்பி, முதல் வேலையாக அண்ணனிடம் சொல்லி வண்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூட வேண்டாம். அந்தப் பட்டறைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வண்டி அவர் கைக்குப் போனதும் வளைந்ததை நிமிர்த்துவார், காணாமல் போன நட்டை மாட்டுவார். பிறகு சொல்வதற்கு அந்த வண்டியிடம் எதுவும் மிஞ்சாது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பின் சக்கரம் திடீரென இறுகுவதற்கு என் அனுபவத்தில் சில காரணங்கள்தான் உண்டு. எஞ்சின் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்வது ஒன்று. அப்படியானால் கிளட்சைப் பிடித்தாலோ நியூட்ரலில் தள்ளினாலோ சக்கரம் விடுபடும். கிக்கர் இருந்தால் அது இறங்காது. பிரேக் மிதித்த கணத்தில் நடந்தது என்று நீங்கள் சொல்வதால் இதை நான் பின்னுக்குத் தள்ளுவேன். அடுத்தது, செயின் பல்லிலிருந்து நழுவிப் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கும் இடையில் சிக்குவது. புதிய செயினைத் தளர்வாக விட்டிருந்தாலும், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பைத் திருப்பி மாட்டியிருந்தாலும் இது நடக்கும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பிளவுள்ள முனை முன்னால் இருந்தால் ஏதாவது உரசும்போது கழன்று போகும். செயின் சிக்கியிருந்தால் ஸ்ப்ராக்கெட் பற்களின் பக்கவாட்டிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உள்பக்கத்திலும், எஞ்சினில் முன் ஸ்ப்ராக்கெட்டை மூடும் உறையிலும் ஆழமான கீறல்கள் இருக்கும். அதைத் தேட வேண்டியதே இல்லை, பார்த்தவுடன் தெரியும்.

எனக்கு அதிகச் சந்தேகம் தருவது வேறொன்று. உங்களுடையது டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை ஷூக்கள் உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது) என்பதால் ஷூக்கள் மாட்டியிருக்கும் வட்டமான தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் இருக்க, அதை ஸ்விங் ஆர்மோடு ஒரு கம்பி பிணைத்து வைத்திருக்கும். டார்க் ராடு என்போம். அதன் இரு முனைகளிலும் போல்ட்டும் நட்டும் இருக்கும். நட்டு கழன்றுவிடாமல் இருக்க பல வண்டிகளில் ஸ்ப்ளிட் பின் என்ற சிறு பிளவுக் கம்பியைச் செருகியிருப்பார்கள். சக்கரத்தைக் கழற்றும்போது பின் முனைப் போல்ட்டை எடுத்தாக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்ப்ளிட் பின்னைச் செருகாமல் விட்டால் நட்டு ஒரே நாளில் விழாது. அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் போகும். போல்ட் விழுந்த பிறகு நீங்கள் பிரேக்கை மிதித்ததும், ஷூக்கள் டிரம்மைப் பிடிக்க, பிடிமானம் இழந்த தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். வண்டி முன்னோக்கிப் போகையில் சக்கரத்தின் கீழ்ப்பகுதி பின்னோக்கிச் சுழல்கிறது. தட்டின் கீழ்ப்பக்கம் தொங்கும் பிரேக் நெம்புகோலும் பின்னால் போகும். அதில் மாட்டியிருக்கும் பிரேக் கம்பி இழுபடும். இழுபட இழுபட பிரேக் இன்னும் இறுகும். நீங்கள் காலை எடுத்தாலும் அது விடாது. மெதுவாகத்தான் மிதித்தேன் என்று நீங்கள் சொல்வது இதோடு பொருந்திப் போகிறது.

பகல் வெளிச்சத்தில் சில படங்களை எடுத்துப் போடுங்கள். டார்க் ராடின் இரு முனைகளும், அது சேர வேண்டிய தட்டின் துளையும், பெடலிலிருந்து பின்னால் போகும் பிரேக் கம்பியும், ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கமும் வேண்டும். போல்ட் முறிந்த நிலையில் கிடைத்தால் முறிந்த முகத்தைத் துடைக்காதீர்கள், இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்காதீர்கள். நாள்பட்ட விரிசலில் முறிந்த போல்ட்டில் ஒரு பகுதி மங்கலாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல வளைவு வளைவாக இருக்கும். ஒரே அடியில் முறிந்ததென்றால் முகம் முழுவதும் சொரசொரப்பாக ஒரே மாதிரி இருக்கும்.

நான்குவழி:

நண்பருக்கு விரைவில் குணமாக வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் போவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானது உண்மைதான். ஆனால் அது முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே விதிக்குப் போதும். உங்கள் வண்டியில் பின்னால் டிரம் பிரேக் என்பதால் பின் சக்கரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்னால் சென்றுவிடுவதால் பின் சக்கரம் இலேசாகிவிடும். அந்த நிலையில் எந்தக் கோளாறும் இல்லாத வண்டியின் பின் சக்கரத்தையும் ஒரு சாதாரணக் கால் நிறுத்திவிடும். முன்னால் போகும் டிராக்டர் வேகத்தைக் குறைக்கும்போது 'மெதுவாகத்தான் மிதித்தேன்' என்பதை யாரும் அளந்து பார்த்திருக்க முடியாது. சாலையோரத்தில் இருந்து காற்று அடித்துக்கொண்டு வந்த மணலும் இருந்திருக்கலாம்.

அதனால் எனக்கு இரண்டு கேள்விகள். பின் டயர் எந்த நிலையில் இருக்கிறது? சக்கரம் சுழலாமல் இழுபட்டிருந்தால் டயரில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் சக்கரம் நின்றதைக் காட்டுமே தவிர, ஏன் நின்றது என்பதைக் காட்டாது. அப்படியே டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. விபத்து நடந்த இடத்திலிருந்து வண்டியைக் காவல் நிலையத்துக்கு எப்படிக் கொண்டு போனார்கள்? உருட்டினார்களா, தூக்கினார்களா? கால் மிதித்ததால் மட்டுமே இறுகிய சக்கரம் என்றால் கால் போனதும் உருண்டிருக்கும்.

இயன்முறையாளர்:

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. கால்களோடுதான் என் வேலை. நினைவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். விழும்போது தலையில் சிறிய அடி பட்டிருந்தாலும் விபத்தை ஒட்டிய சில நிமிடங்கள் மூளையில் பதியாமலே போவதுண்டு. அந்த இடைவெளியைப் பிறர் சொன்னதும் நாம் ஊகித்ததும் மெல்ல நிரப்பும். நாளாக ஆக அது சொந்த நினைவாகவே தோன்றும். எனவே இப்போது என்ன நினைவில் இருக்கிறதோ அதைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அதன்பின் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை வண்டியில் தேடுவது மேல்.

ஆணி பொருத்திய கீழ்க்கால் எலும்பு கூடுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். திறந்த காயமாக இருந்தாலோ புகைப்பழக்கம் இருந்தாலோ இன்னும் தாமதமாகும். எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்வதே முடிவு. பலர் முழங்காலை மடக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கணுக்காலை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு முறிந்தது வலது கால், பின் பிரேக் பெடல் இருப்பதும் வலப்பக்கம். குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தை முழுமையாகத் தூக்கவும், தூக்கியதை விரைவாக அழுத்தவும், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கவும் முடிய வேண்டும். கணுக்கால் விறைத்திருக்கும்வரை பெடலில் உங்கள் கால் ஒன்று மிதிக்காது, இல்லையென்றால் முழுவதும் மிதிக்கும். அந்தக் காலில் மட்டும் தடுமாறாமல் நிற்க முடியாத நிலையில் வண்டியில் ஏற நினைக்க வேண்டாம்.

காரில் பாதம் தரையை அழுத்துவது விபத்துக்குப் பிறகு பலருக்கும் வருவது. ஆனால் தூக்கத்தில் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்து விழிப்புத் தட்டுவது ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

பழைய சர்வேயர்:

காப்பீட்டு வாகன மதிப்பீட்டில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வாளரின் அறிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு விபத்து வாகனத்தைப் பார்வையிட அதிகாரம் தருகிறது. அதே பிரிவு வாகனத்தைத் தாமதமின்றித் திருப்பித் தரவும் சொல்கிறது. எனவே அது பெரும்பாலும் காவல் நிலைய வளாகத்தில் நின்றபடி செய்யப்படும் வெளிப்புறச் சோதனைதான். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆய்வை அங்கே எதிர்பார்க்க முடியாது. உங்களிடம் நகல் இருந்தால் கடைசி வரியை மட்டும் படிக்காமல், பிரேக் என்ற தலைப்புக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதக் காப்பீடு இருந்தாலும் தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் விலக்கு உண்டு: பழுதான பாகத்தின் விலை வராது, அதனால் விழுந்து ஏற்பட்ட சேதத்தைக் கோரலாம். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 இலட்சம் ரூபாய் என்றாலும் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது; கூடிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் இடமில்லை. இதைத் தெரியாமல் அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டறையின் கவனக்குறைவு என்று ஆதாரம் தேறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கால் குணமாகும்வரை காத்திருக்க நேரம் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பட்டறை கொடுத்த பில், செய்த வேலைகளைக் குறித்த ஜாப் கார்டு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் நடந்திருந்தால் அந்தப் பதிவையும் சேருங்கள். விபத்து நாளும் நேரமும் அதில் இருக்கும்.

தெற்குவெயில்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. என்னால் குனிய முடியாததால் மாமா மகனை வைத்துப் படங்கள் எடுத்தேன், கீழே இணைத்திருக்கிறேன்.

டார்க் ராடின் முன் முனை ஸ்விங் ஆர்மில் உறுதியாக இருக்கிறது. அங்கே துருப்பிடித்த பழைய ஸ்ப்ளிட் பின் அப்படியே செருகியிருக்கிறது. பின் முனை தரையை நோக்கித் தொங்குகிறது. அங்கே போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. பிரேக் தட்டில் அது சேர வேண்டிய துளை வட்டமாகவே இருக்கிறது. விரிந்ததாகவோ உடைந்ததாகவோ தெரியவில்லை. துளையைச் சுற்றி வாஷர் உட்காரும் இடம் தேய்ந்து பளபளக்கிறது, அதன் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற தூள் ஒட்டியிருக்கிறது. பிரேக் நெம்புகோல் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. பிரேக் கம்பி வில்லாக வளைந்திருக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டில்தான் இருக்கிறது. டயரில் உள்ளங்கையளவு தட்டையான தேய்மானம் ஓரிடத்தில் மட்டும் உண்டு.

நான்குவழி கேட்ட கேள்விக்கு: வண்டியை ஏற்றிச் சென்ற மினி லாரி ஓட்டுநரை அண்ணன் தேடிப் பிடித்துக் கேட்டார். பின் சக்கரம் உருளவே இல்லை என்றும், ஆட்களை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கித்தான் ஏற்றியதாகவும் சொன்னார். ஆய்வாளரின் அறிக்கையில் பின் பிரேக்குக்கு எதிரே, 'விபத்தில் சேதமடைந்துள்ளதால் சோதிக்க இயலவில்லை' என்று எழுதியிருக்கிறது.

பட்டறைக்காரர்:

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விழுந்த வேகத்தில் போல்ட் பிய்ந்திருந்தால் துளை நீண்டிருக்கும் அல்லது தட்டில் போல்ட் மாட்டும் காது உடைந்திருக்கும், இரண்டும் இல்லை. இறுக்கமாக இருந்த வாஷரின் அடியில் உலோகம் மங்கலாக, பதிந்த தடத்தோடு இருக்கும். தேய்ந்து பளபளப்பதும் அந்தச் செம்பழுப்புத் தூளும், இரண்டு இரும்புப் பரப்புகள் தளர்ந்த நிலையில் ஓயாமல் உரசியதால் வருபவை. ஒரே நாளில் வருபவை அல்ல. முன் முனையில் பழைய ஸ்ப்ளிட் பின் அப்படியே இருப்பது, இந்த வண்டியில் டார்க் ராடின் நட்டுகளுக்கு ஸ்ப்ளிட் பின் உண்டு என்பதைக் காட்டுகிறது. பின் முனையைக் கழற்றியவர் ஸ்ப்ளிட் பின்னே போடவில்லையா, அல்லது பழைய ஸ்ப்ளிட் பின்னையே நிமிர்த்திப் போட்டு அது முறிந்து விழுந்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொன்னாலும் அது ஊகம்தான்.

நான்குவழி:

சக்கரம் உருளவில்லை என்ற செய்திக்குப் பிறகு என் வாதம் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போவதை நான் இப்போதே கேட்டுவிடுகிறேன்: போல்ட்டை நிலைய வளாகத்தில் யாராவது கழற்றியிருந்தால்? சக்கரத்தை உருளவைத்துத் தள்ளுவதற்காக அப்படிச் செய்வது நடக்காத காரியம் அல்ல.

பட்டறைக்காரர்:

நியாயமான கேள்விதான். ஆனால் நின்ற வண்டியில் போல்ட்டைக் கழற்றினால் பிரேக் கம்பி வில்லாக வளையாது. அதை வளைக்க ஓடும் சக்கரத்தின் விசை வேண்டும்.

பழைய சர்வேயர்:

அந்த ஒரு வரியை ஓர் இயந்திரவியல் பொறியாளர் வண்டியை நேரில் பார்த்து எழுத்தில் தர வேண்டும். இங்கே நாம் பேசுவது ஆணையத்தில் சான்றாகாது. பட்டயம் பெற்ற பொறியாளரையோ உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரையோ அழைத்து, அவர் முன்னிலையில் சக்கரத்தைக் கழற்றுங்கள்; கழற்றுவதை முழுவதும் காணொளியாக எடுங்கள். அதற்கு முன்பே பட்டறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, விரும்பினால் அவர்களும் வந்து பார்க்கலாம் என்று நாளும் இடமும் குறிப்பிடுங்கள். பின்னாளில் 'எங்களுக்குத் தெரியாமல் பிரித்துவிட்டார்கள்' என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்காது. அறிக்கையில் 'சோதிக்க இயலவில்லை' என்பதும் 'கோளாறு அல்ல' என்பதும் ஒரே தாளில் இருப்பதால், எந்த அடிப்படையில் முடிவுக்கு வந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காரசாரமாக எழுத வேண்டாம். இரண்டு வரிகளையும் எடுத்துக்காட்டிக் கேட்டால் போதும். மினி லாரி ஓட்டுநர் சொன்னதையும் அவர் கையெழுத்தோடு இப்போதே வாங்கி வையுங்கள். இப்படிப்பட்டவர்களை ஆறு மாதம் கழித்துத் தேடினால் வேறு ஊரில் வேறு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

தெற்குவெயில்:

அண்ணன் இன்று மினி லாரி ஓட்டுநரைப் பார்க்கப் போயிருக்கிறார். பட்டறைக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்; ஜாப் கார்டின் நகலையும் அதிலேயே கேட்டிருக்கிறேன். பொறியாளர் கிடைத்ததும் நாள் குறித்து அனுப்புவேன். கணுக்கால் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் தொடங்கியிருக்கிறேன். குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தைத் தூக்கினால் இப்போதைக்கு இரண்டு விரற்கடைதான் எழும்புகிறது.